காதுக்குள் ஓயாத இரைச்சலும் கலைந்துபோன நித்திரையும்

வவுனியாவில் எங்கள் அயலில் ஓர் அக்கா இருக்கிறார். வயது 48. வீட்டு விறாந்தையில் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர். சித்திரை வருடப்பிறப்பு, நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் என எவருடைய பண்டிகையாக இருந்தாலும் அவருக்கு அது உழைக்கும் காலம். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை இயந்திரம் ஓடும் சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்கும்.

ஒருநாள் சட்டை ஒன்றைத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அளவு எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நாடாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, காதுக்குள்ளை சில்வண்டு கத்துற மாதிரிக் கிடக்கு. பகலிலை வேலையோடை தெரியாது. இரவிலை படுத்தால் அது மட்டும்தான் கேக்குது. மூண்டு மாசமா ஒழுங்கான நித்திரை இல்லை. சும்மா இருக்கேக்கையும் அழுகை வருது. எனக்கு விசர் பிடிக்கப்போகுதோ எண்டு பயமாக் கிடக்கு."

வீட்டில் சொன்னபோது, "உங்களுக்கு ஒண்டுமில்லை, எல்லாம் மனப்பிராந்தி" என்றானாம் மகன். மாமியோ உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதுக்குள் விடச் சொன்னாராம். இரண்டு பேரும் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டும் பிழையான ஆலோசனைகள்.

அவரைக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். செவிப்புலன் பரிசோதனையில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் சற்றுக் குறைந்திருப்பது தெரிந்தது. ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்று சொன்ன வைத்தியர், கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, நீங்கள் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எழும்புவீங்கள்?"

அக்காவிடம் பதில் இல்லை. பாடசாலை நாளில் ஐந்து மணி. இரவு முழுக்கத் தைத்தால் ஏழரை. ஞாயிற்றுக்கிழமை உடம்பு சொல்லும் நேரம். காது வருத்தத்துக்கும் எழும்பும் நேரத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கும் அன்று விளங்கவில்லை. அதைத் தேடி வாசித்து அறிந்தவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரைச்சல் எங்கே பிறக்கிறது?

வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ இரைச்சல், ரீங்காரம், விசில், சில்வண்டுச் சத்தம் போன்றவை கேட்பதை மருத்துவத்தில் 'ரினிற்றஸ்' என்பார்கள். இது மிகப் பரவலான ஒரு தொல்லை. 2022 ஆம் ஆண்டு வெளியான, பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் 74 கோடிக்கும் அதிகமான வளர்ந்தோர் இதனை அனுபவித்துள்ளனர். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். ஆகவே, "எனக்கு மட்டும் ஏன்?" என்று எண்ணிக் கலங்கத் தேவையில்லை.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் ஓர் உறுப்பினுள் நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவைதாம். வயது, இடைவிடாத இயந்திரச் சத்தம், வெடியோசை, சில மருந்துகள் ஆகியவற்றால் இவை பழுதடைகின்றன. மனிதரில் இவை மீண்டும் முளைப்பதில்லை.

பழைய வானொலிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நிலையம் சரியாக எடுபடாவிட்டால் நாம் சத்தத்தைக் கூட்டுவோம். அப்போது பாட்டை விட இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். மூளையும் ஏறத்தாழ அவ்வாறே செய்கிறது என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தன் கேட்கும் கூர்மையைக் கூட்டுகிறது. அப்போது இல்லாத ஒலியும் கேட்கத் தொடங்குகிறது. இது மனப்பிராந்தியும் அன்று, பைத்தியத்தின் அறிகுறியும் அன்று.

இரவில் ஏன் பெருகுகிறது?

பகலில் குழந்தைகளின் சத்தமும் சமையலறைச் சத்தமும் வீதிச் சத்தமும் இரைச்சலை மூடிவிடுகின்றன. இரவில் ஊர் அடங்கியதும் அது தனித்துக் கேட்கிறது. அத்துடன் நாளின் நேரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு போலத் தெரிகிறது. கைத்தொலைபேசி மூலம் ஒரு நாளில் பல தடவைகள் தம் நிலையைப் பதிவுசெய்த நோயாளரின் விபரங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017 இல் வெளியானது. நள்ளிரவு முதல் காலை எட்டு மணி வரையான நேரத்தில் இரைச்சல் உரத்தும், அதிக வேதனை தருவதாகவும் உணரப்பட்டதாக அது காட்டியது.

ஆழ்ந்த நித்திரையின்போது மூளையில் மெதுவான பெரிய அலைகள் எழுகின்றன. இந்த அலைகள் இரைச்சலை உண்டாக்கும் மூளைச் செயற்பாட்டைத் தற்காலிகமாக அடக்கக்கூடும் என்ற கருத்தை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் முன்வைத்தனர். இது இன்னும் ஆராயப்பட்டு வரும் விடயம். எனினும் நித்திரை குலைந்த மறுநாள் இரைச்சல் அதிகம் வாட்டுவதை நோயாளர் பலர் தம் அனுபவத்திலேயே அறிவர்.

இங்கேதான் ஒரு நச்சுச் சுழல் தொடங்குகிறது. இரைச்சலால் நித்திரை வராது. நித்திரை இல்லாததால் மனம் சோரும். சோர்ந்த மனம் இரைச்சலையே கவனித்துக்கொண்டிருக்கும். கவனிக்கக் கவனிக்க அது பெருகும். அக்கா மூன்று மாதங்களாக இந்தச் சுழலுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தார். இரைச்சலை நேரடியாக நிறுத்த மருந்து இல்லை. நித்திரையையும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. அப்படியானால் இந்தச் சுழலை எங்கே பிடித்து நிறுத்துவது?

உடலுக்குள் ஒரு மணிக்கூடு

1729 ஆம் ஆண்டில் டி மெரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சுருங்கிச் செடியை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாதபோதும் அது பகலில் இலை விரித்து, இரவில் மூடிக்கொண்டது. உயிர்களுக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது என்பதற்கு நம் வேலியோரச் செடியே முதற் சாட்சி. அந்த மணிக்கூடு கலங்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளான ஹோல், றொஸ்பாஷ், யங் ஆகியோருக்கு 2017 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதரில் தலைமை மணிக்கூடு மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட சிறு பகுதி அது. நித்திரை, பசி, உடல் வெப்பம், ஓமோன்கள், மனநிலை ஆகிய யாவற்றுக்கும் அது நேரம் குறிக்கிறது. ஆனால் பெரும்பாலானோரில் அது 24 மணித்தியாலத்தை விடச் சற்று நீளமாக ஓடுவதால், ஒவ்வொரு நாளும் சரிசெய்யப்படாவிட்டால் பிந்திக்கொண்டே போகும். அதைச் சரிசெய்யும் சாவி கண்ணில் படும் ஒளியாகும்.

காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் மணிக்கூடு முன்னுக்கு நகர்ந்து, "பகல் தொடங்கிவிட்டது" என உடலுக்கு அறிவிக்கிறது. மாலை இருண்ட பின் 'மெலற்றோனின்' என்ற ஓமோன் சுரந்து நித்திரைக்கு ஆயத்தப்படுத்துகிறது. இரவில் பிரகாசமான விளக்கின் கீழோ கைத்தொலைபேசித் திரையின் முன்னோ இருந்தால் அந்தச் சுரப்புப் பிந்துகிறது. காலையில் வெளிச்சம் குறைவு, இரவில் வெளிச்சம் அதிகம் என்றால் மணிக்கூடு குழம்பாமல் என்ன செய்யும்? மணிக்கூடு குழம்பினால் மனமும் குழம்பும். மனச்சோர்வு உள்ளோரிடம் நித்திரைக் குழப்பம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவதோடு, நித்திரைக் குழப்பமே மனச்சோர்வுக்கு வழிகோலுவதும் உண்டு.

சுவர் மணிக்கூடும் சூரிய மணிக்கூடும்

நம் நாட்டவருக்கு இதில் ஒரு பொது அனுபவமும் உண்டு. 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிப்பதற்காக நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளில் விடியுமுன்பே பிள்ளைகளை எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்பிய தாய்மாருக்கு அதன் சிரமம் தெரியும். வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே பாவனையில் இருந்தது. வவுனியாவிலிருந்து ஓமந்தையைத் தாண்டிப் போனவர்கள் கைக்கடிகாரத்தை மாற்றிவைக்க வேண்டியிருந்தது. ஆனால் இரு பக்கமும் சூரியன் ஒன்றுதான். உடல் கேட்டதும் அந்தச் சூரியனைத்தான்.

அன்று அரசாங்கம் மாற்றிய நேரத்தை இன்று நாம் ஒவ்வொருவரும் வீட்டுக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருக்கிறோம். கிழமை நாட்களில் ஐந்து மணிக்கு எழும்பி, விடுமுறையில் எட்டு மணிக்கு எழும்புவது, வாரந்தோறும் மூன்று மணித்தியால நேர வித்தியாசமுள்ள நாட்டுக்குப் போய்த் திரும்புவதைப் போன்றது.

இதில் நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. வட துருவத்தை அண்டிய நாடுகளில் மாரிகாலப் பகல் மிகக் குறுகியது. அதனால் மனச்சோர்வுக்கு ஆளாவோருக்கு அங்கு விசேட விளக்குகளின் முன் இருத்திச் சிகிச்சை அளிக்கிறார்கள். இலங்கையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வித்தியாசம். காலை வெளிச்சம் வருடம் முழுவதும் முற்றத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாம்தான் அந்த நேரத்தில் சமையலறை இருட்டுக்குள் நிற்கிறோம்.

செய்யக்கூடியவை

1. எழும்பும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், ஒரே நேரத்தில் எழும்புங்கள். இரவைச் சரிசெய்யும் பிடி காலையில்தான் இருக்கிறது.

2. விடிந்தபின் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் அரை மணித்தியாலமாவது வெளியே இருங்கள். முற்றம் கூட்டலாம், செடிக்குத் தண்ணீர் விடலாம், தேநீர் குடிக்கலாம். சூரியனை நேரே பார்க்க வேண்டாம். மப்பும் மந்தாரமுமான காலையிலும் வெளி வெளிச்சம் வீட்டு விளக்கை விடப் பல மடங்கு அதிகம்.

3. பகல் நித்திரை அவசியமானால் மூன்று மணிக்கு முன், 20 அல்லது 30 நிமிடத்துடன் நிறுத்துங்கள்.

4. குடித்த கோப்பியில் உள்ள கஃபீனின் பாதியளவு ஐந்து மணித்தியாலத்துக்குப் பின்னும் உடலில் இருக்கும். தேநீரிலும் கஃபீன் உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இரண்டையும் தவிர்த்துப் பாருங்கள்.

5. படுப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் பெரிய விளக்குகளை அணைத்து மங்கலான ஒன்றை மட்டும் வையுங்கள். கைத்தொலைபேசியை வேறு அறையில் விடுங்கள்.

6. நித்திரை கண்ணைச் சுழற்றும்போதே படுக்கைக்குச் செல்லுங்கள். ஏறத்தாழ 20 நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் அமைதியான ஏதாவது செய்துவிட்டு மீண்டும் படுங்கள். இடையில் மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள்.

7. இரைச்சல் உள்ளவர்களுக்கு முழு நிசப்தம் ஆகாது. மின்விசிறிச் சத்தமோ மெல்லிய வானொலியோ போதும். இரைச்சலை மூடும் அளவுக்கு உரத்து வைக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொரு ஒலி இருந்தாலே அதன் கூர்மை குறையும்.

வலிப்பு நோய் உள்ளவர்களும், மனம் அளவுமீறி எழுச்சியடைந்து பின் சோரும் இருமுனை மனநோய் உள்ளவர்களும் நித்திரை நேரத்தை மாற்றுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும். மெலற்றோனினையோ நித்திரைக் குளிசைகளையோ சுயமாக வாங்கிப் பாவிக்க வேண்டாம்.

இரவு முறையில் வேலை செய்யும் தாதியருக்கும் ஆடைத் தொழிற்சாலைச் சகோதரிகளுக்கும் இது கடினமே. அவர்கள் பகலில் நித்திரை கொள்ளும் அறையை இருட்டாக்குவதும், வேலை நாளிலும் விடுமுறையிலும் பொதுவாக வரக்கூடிய சில மணித்தியாலங்களையாவது நித்திரைக்கென ஒதுக்குவதும் ஓரளவு உதவும்.

பெண்ணின் நித்திரை யாருக்குச் சொந்தம்?

மேலே சொன்னவற்றை வாசித்ததும் பல சகோதரிகள் மனதுக்குள் சிரித்திருப்பீர்கள். "ஒன்பது மணிக்குப் பிறகுதான் எனக்குப் பாத்திரம் கழுவவே நேரம் கிடைக்குது" என்று சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். வீட்டில் எல்லோருடைய நேரத்தையும் ஒழுங்குபடுத்துபவளுக்குத் தன் நேரம் என்று ஒன்று இருப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விழிப்பவள் அவள். கணவர் பிந்தி வந்தால் சோறு போடக் காத்திருப்பவள் அவள். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடல் திடீரெனச் சூடேறி வியர்த்து நடுநிசியில் எழும்புபவளும் அவளே.

அக்காவின் வீட்டிலும் வைத்தியரின் ஆலோசனையை விட அதை நடைமுறைப்படுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் ஒருநாள் எல்லோரும் ஒன்றாக இருந்து கதைத்தார்கள். காலைத் தேநீரும் தம்பிக்குச் சாப்பாடு கட்டுவதும் மகளின் பொறுப்பாயிற்று. இரவு ஒன்பதரைக்கு இயந்திரத்துக்கு உறை போடுவது என்று முடிவாயிற்று. பொத்தான் தைப்பது, விளிம்பு மடிப்பது போன்ற கைவேலைகளை அக்கா காலை ஆறேகாலுக்கு முற்றத்தில் கதிரை போட்டுச் செய்யத் தொடங்கினார். "ஓடர் குறைஞ்சால் காசுக்கு என்ன செய்யிறது?" என்ற பயம் அவருக்கு இருக்கவே செய்தது. நேரம் பிந்தும் என்றதும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் வேறிடம் போனதும் உண்மை.

முதல் இரண்டு வாரமும் மிகவும் கஷ்டப்பட்டார். பகலெல்லாம் கண் சொருகியது. மூன்றாம் வாரமளவில் இரவு பத்தரைக்குத் தானாக நித்திரை வரத் தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து, "சில்வண்டு எப்படி அக்கா?" என்று கேட்டேன்.

"அது போகேல்லை தங்கச்சி. இப்பவும் கிடக்குது. ஆனா முந்தி அது என்ரை தலைக்குள்ளை இருந்தது. இப்ப வளவு மூலையிலை இருந்து கத்துது. நான் என்ரை பாட்டிலை நித்திரையாப் போயிடுவன்" என்றார்.

அடுத்த பண்டிகைக் காலத்தில் பழையபடி நான்கு இரவுகள் விழித்தார். சில்வண்டு திரும்பத் தலைக்குள் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் இம்முறை அவர் பயப்படவில்லை. ஐந்தாம் நாள் காலை முற்றத்தில் கதிரை போட்டிருந்ததைக் கண்டேன்.

வைத்தியரைத் தாமதமின்றி நாடவேண்டிய வேளைகள்

நேர ஒழுங்கு வைத்தியத்துக்கு மாற்றீடு ஆகாது. ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து 'டுப் டுப்' எனக் கேட்டாலோ, தலைச்சுற்று, காதிலிருந்து நீர் அல்லது சீழ் வடிதல், முகம் ஒரு பக்கம் இழுத்தல் ஆகியவை இருந்தாலோ வைத்தியரிடம் செல்லுங்கள். திடீரெனக் காது கேளாமற் போனால் அன்றே செல்லுங்கள். நாட்கள் பிந்தினால் சிகிச்சையின் பலன் குறையும்.

காதுக் குடுமி அடைப்பு, இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு ஆகியவற்றாலும் இரைச்சல் வரலாம். இவை சிகிச்சையளிக்கக்கூடியவை. அதிகளவு அஸ்பிரின், சில அன்ரிபயோற்றிக் ஊசிகள் போன்றவையும் காரணமாகலாம். ஆகவே பாவிக்கும் மருந்துகளையெல்லாம் வைத்தியருக்குக் காட்டுங்கள். சூடான எண்ணெயையோ உள்ளியையோ காதுக்குள் விடாதீர்கள். செவிப்பறை துளைபட்டிருந்தால் அது பெருந்தீங்காகும். கேட்கும் திறன் குறைந்தோருக்குச் செவிப்புலன் உதவிக் கருவி இரைச்சலின் தொல்லையையும் பெரும்பாலும் குறைக்கும். இரைச்சலைப் பற்றிய பயத்தையும் எண்ணங்களையும் மாற்றப் பயிற்றும் உளவளச் சிகிச்சையும் நல்ல பலன் தருவதாக அறியப்பட்டுள்ளது.

மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் ஒருதடவை தலைகாட்டினாலும், அதை மறைக்காதீர்கள். அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.

சகோதரிகளே, நாளைக் காலை ஒரு சிறிய ஆரம்பம் செய்து பாருங்கள். உங்கள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவோ மனைவியோ அக்காவோ "காதுக்குள்ளை இரையுது" என்று சொன்னால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை மணிக்கு எழும்பினாய் என்று கேளுங்கள். பிறகு அந்தப் பாத்திரங்களை நீங்கள் கழுவுங்கள்.